'பட் அன் பென்': திசையால் வந்த வீட்டுப் பெயர்

விக்டோரியா மகாராணி ஆண்ட காலத்தில் (1837–1901) ஸ்காட்லாந்தின் தாழ்நிலக் கிராமங்களில் குதிரை கட்டி உழுதும், மாடு பார்த்தும், தறி நெய்தும் பிழைத்த குடும்பங்கள் குடியிருந்த சிறு வீட்டுக்கு அந்த ஊர் ஜனங்களிடம் ஒரு பெயர் உண்டு: 'பட் அன் பென்'. இரண்டு அறை கொண்ட குடியானவர் வீடு என்று அகராதிகள் பொருள் சொல்கின்றன. பொருளில் பிழை இல்லை. ஆனால் பெயரைப் பிரித்துப் பார்த்தால் அதில் 'இரண்டு' இல்லை, 'அறை' இல்லை, 'வீடு' என்ற சொல்லும் இல்லை. 'பட்' என்றால் வெளிப்பக்கம். 'பென்' என்றால் உட்பக்கம். நடுவில் இருக்கும் 'அன்' நம் 'உம்' போன்ற இணைப்பு. சுவரையும் கூரையையும் விட்டுவிட்டு இரண்டு திசைகளை ஒரு வீட்டுக்குப் பெயராக வைத்திருக்கிறார்கள். அதற்கான காரணம் அந்த வீட்டுக்குள்ளேயே இருக்கிறது என்பது என் கட்சி.

முதலில் வேரைப் பார்ப்போம். பழைய ஆங்கிலத்தில் 'ஊட்டன்' என்றால் வெளியே, 'இன்னன்' என்றால் உள்ளே. இரண்டுக்கும் முன்னால் 'பெ' என்ற முன்னொட்டு சேர்ந்தது. 'இடத்தில்', 'பக்கத்தில்' என்பது அதன் பொருள். 'பெ-ஊட்டன்' சுருங்கிப் 'பூட்டன்' ஆயிற்று. 'பெ-இன்னன்' சுருங்கிப் 'பின்னன்' ஆயிற்று. கடைசி அசைகள் தேய்ந்து விழ, உயிரெழுத்தும் கொஞ்சம் மாற, ஸ்காட்லாந்துக்காரர் வாயில் அவை 'பட்', 'பென்' என்று நின்றன. ஆகவே இரண்டு சொற்களின் தலையிலும் நிற்கும் 'ப்' ஒரே முன்னொட்டின் மிச்சம். ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் எதிரெதிர்த் திசையில் போன மாதிரி. இந்த உறவைத் தெளிவாகக் காண டச்சு மொழிக்குப் போக வேண்டும். அங்கே வெளியே என்பதற்கு 'பைட்டன்', உள்ளே என்பதற்கு 'பின்னன்' என்று இன்றைக்கும் அன்றாடப் பேச்சில் வழங்குகிறார்கள்.

ஆங்கிலம் படித்தவர்கள் எல்லோருக்கும் தெரிந்த, 'ஆனால்' என்று பொருள்படும் அந்தப் 'பட்'டும் இதே சொல்தான். வெளியே என்பது 'அதற்கு வெளியே' ஆகி, 'அதைத் தவிர' ஆகி, கடைசியில் 'ஆனால்' என்ற வெறும் இணைப்புச் சொல்லாகத் தேய்ந்தது. ஆங்கிலத்தில் இடப்பொருள் மறைந்துவிட்டது. ஸ்காட்ஸ் மொழியில் அது மறையவில்லை. மெக்கின்டாஷ் குலத்தின் சின்னத்தில் ஒரு காட்டுப்பூனை நிற்கிறது. கையுறை இல்லாமல் பூனையைத் தொடாதே என்பது அதோடு எழுதியிருக்கும் வாசகத்தின் கருத்து. அதில் 'இல்லாமல்' என்ற இடத்தில் நிற்பது பழைய 'பட்'தான். ஆங்கிலேயர்கள் அந்த வாசகத்தைப் படித்துக் குழம்புவது இன்றும் நடக்கிறது.

'பென்' பற்றியும் ஒரு எச்சரிக்கை. பென் நெவிஸ், பென் லோமண்ட் என்று மலைப் பெயர்களில் வரும் 'பென்' வேறு. அது கேலிக் மொழியில் மலையைக் குறிக்கும் 'பெய்ன்' என்ற சொல்லின் திரிபு. உள்ளறைக்கும் மலைக்கும் ஒலி ஒற்றுமை தவிர வேறு எந்த உறவும் இல்லை. மேட்டுநிலத்துக் கேலிக் குடும்பங்களின் கறுப்பு வீடுகளில் உறைவிடத்துக்கு 'நெருப்பண்டை' என்று பொருள்படும் பெயரே வழங்கியது. அது தனி மரபு. இந்தக் கட்டுரை தாழ்நிலத்து வீட்டோடு நிற்கிறது.

சொல் வளர்ந்த படிகளைக் கவனித்தால் பெயரின் இயல்பு புரியும். 'கம் பென்' என்றால் உள்ளே வா. 'பென் த ஹூஸ்' என்றால் வீட்டின் உட்பக்கம். 'கே பட்' என்றால் வெளிப்பக்கம் போ. 'பட் அன் பென்' என்று சேர்த்துச் சொன்னால் இங்குமங்கும் என்று ஆகும். நிலைகொள்ளாமல் வீட்டுக்குள் நடப்பவரைப் பற்றி அப்படிச் சொல்வார்கள். இவையெல்லாம் வினையை அண்டி நிற்கும் சொற்கள். நடக்கும் ஆளை, கூப்பிடும் குரலைச் சார்ந்தவை. பிறகுதான் 'பட்' என்பது வெளி அறைக்கும், 'பென்' என்பது உள் அறைக்கும் பெயராகின்றன. இரண்டும் இணைந்து முழு வீட்டுக்குமான பெயராக நிலைப்பது அதற்கும் மேல் ஒரு படி. நடையாக இருந்தது இடமாயிற்று; இடமாக இருந்தது வீடாயிற்று.

தமிழ் வாசகருக்குப் புறம், அகம் என்ற இரண்டு சொற்கள் உடனே நினைவுக்கு வரும். பொருத்தம் பாதி தூரம்தான். நம் பழைய வீடுகளில் அடுப்பங்கரை உள்ளடங்கி இருக்கும். வந்தவர் வெளியிலேயே உட்காருவார். ஸ்காட்லாந்து வீட்டில் வாசலைத் திறந்ததும் வருவது அடுப்பு. 'பட்' அறைதான் சமையல், சாப்பாடு, நூற்பு, குழந்தை வளர்ப்பு, ஈரத்துணி காய்வது எல்லாம். அதைத் தாண்டித்தான் 'பென்'னுக்குப் போக முடியும். பாதிரியாரும் பள்ளி ஆசிரியரும் வந்தால் அடுப்பைக் கடந்து உள்ளே அழைத்துப் போவார்கள். மரியாதைக்குரியவர் உள்ளே போகிறார். வீட்டார் வெளி அறையில் வாழ்கிறார்கள். 'ஃபார் பென்', அதாவது 'வெகு உள்ளே' என்ற தொடருக்கு நெருக்கம், செல்வாக்கு, ஆழ்ந்த ஞானம் என்ற பொருள்கள் வந்ததற்கு இந்த வீட்டு வழக்கமே அடிப்படை. ஒருவரிடம் 'வெகு உள்ளே' இருப்பவர் அவருடைய நம்பிக்கைக்கு உரியவர்.

வீட்டை ஒரு முறை நிதானமாகச் சுற்றிப் பார்க்கலாம். தாழ்ந்த வாசல். மண் தரை, அல்லது கல் பாவிய தரை. ஒரு கோடிச் சுவரில் அடுப்பு; அதன் மேல் 'ஸ்வே' என்னும் இரும்புக் கை. இந்தக் கை வாசற்கதவு போலத் திரும்பும். பானையை அதன் கொக்கியில் மாட்டி நெருப்புக்கு மேல் தள்ளலாம், வேண்டாதபோது வெளியே இழுக்கலாம். எரிப்பது வட்டாரத்தைப் பொறுத்து: சதுப்பு நிலத்தில் வெட்டிக் காயவைத்த பீட் கட்டிகள், அல்லது நிலக்கரி. சுவரில் தொங்குவது 'குரூசி' என்னும் இரும்பு விளக்கு. மீன் எண்ணெய், நாணல் தக்கைத் திரி. கிளாஸ்கோவில் பிறந்த ஜேம்ஸ் யங் 1850-ல் பாரஃபின் எண்ணெய் வடிக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கிய பிறகு, கொஞ்சம் கொஞ்சமாக இந்த மீன் எண்ணெய் விளக்கு பரணுக்குப் போயிற்று.

ஒரு மூலையில் மாவுப் பெட்டி. இது வெறும் தட்டுமுட்டுச் சாமான் கிடையாது. சம்பளமே அதில்தான் இருந்தது. கல்யாணமான உழவனுக்குக் கூலியில் ஒரு பகுதி பணம், ஒரு பகுதி ஓட்ஸ் மாவு, அதோடு பால், உருளைக்கிழங்கு. மாவை 'போல்' என்ற அளவில் கணக்கிட்டார்கள். ஒரு போல் 140 பவுண்டு. பல வட்டாரங்களில் வருஷத்துக்கு ஆறரை போல் என்பது வழக்கமான பேச்சு. கிட்டத்தட்ட 410 கிலோ. காலையில் கஞ்சி, மறுபடியும் கஞ்சி, கல்லில் சுட்ட ஓட்ஸ் ரொட்டி, வீட்டுக்குப் பின்னால் கேல் கீரைத் தோட்டம். பெட்டிக்குப் பெயர் 'கிஸ்ட்'. பழைய நார்ஸ் மொழியின் 'கிஸ்டா'வோடு உறவுள்ள சொல். மாவுக்கு ஒரு கிஸ்ட், துணிமணிக்கு ஒரு கிஸ்ட், வேலைக்குப் போகும் மகனுக்கும் மகளுக்கும் ஆளுக்கு ஒரு கிஸ்ட்.

இனி வீட்டின் மிக முக்கியமான பொருளுக்கு வருவோம்: பெட்டிக்கட்டில். மூன்று பக்கமும் மேலேயும் பலகை அடைத்து, முன்பக்கம் இழுக்கும் கதவோ திரையோ வைத்த மரக் கட்டில் அது. குளிரிலிருந்து காப்பு, கொஞ்சம் தனிமை, அடியில் சாமான் வைக்க இடம். ஆனால் என் கட்சிக்கு ஆதாரம் அது வைக்கப்பட்ட விதத்தில் இருக்கிறது. இங்கிலாந்தை ஒட்டிய எல்லைப்புற மாவட்டங்களில் பண்ணைக்காரர் தொழிலாளிக்குக் கொடுத்தது பெரும்பாலும் நான்கு சுவரும் கூரையும் மட்டும். உள்ளே தடுப்பு கிடையாது. குடும்பம் தன் பெட்டிக்கட்டில்களைக் கொண்டுவந்து, முதுகைத் திருப்பி வரிசையாக நிறுத்தும். அந்த மரமுதுகுதான் சுவர். அதற்கு இந்தப் பக்கம் 'பட்', அந்தப் பக்கம் 'பென்'. கட்டிலை எடுத்துவிட்டால் இரண்டு அறையும் மறைந்து ஒரே கூடம் மிஞ்சும். சுவரே தளவாடமாக இருந்த வீட்டில் அறைக்குக் கட்டடப் பெயர் எப்படி ஒட்டும்? நெருப்பிலிருந்து எந்தப் பக்கம், வாசலிலிருந்து எவ்வளவு உள்ளே என்பதைத்தான் சொல்ல முடியும். அதையே சொன்னார்கள்.

கட்டிலை எடுப்பது கற்பனை அல்ல, வருஷக் கணக்கு. பண்ணை வேலை ஒப்பந்தத்தில் நடந்தது. கல்யாணமானவருக்கு ஒரு வருஷம், தனியாளுக்கு ஆறு மாதம். கெடு முடிந்ததும் புதிய பண்ணையைத் தேடிக் குடும்பங்கள் வண்டி கட்டின. இதற்கு 'ஃபிளிட்' என்று பெயர்; இதுவும் நார்ஸ் மொழி வழியாக வந்த சொல்தான். வீடு காலி செய்யும் நாட்களை 1886-ஆம் வருஷச் சட்டம் மே 28, நவம்பர் 28 என்று நாடு முழுமைக்கும் ஒரே சீராக்கியது. அந்த நாட்களில் கட்டில், கிஸ்ட், கோழிக்கூண்டு, மேலே பிள்ளைகள் என்று ஏற்றிக்கொண்டு வண்டிகள் சாலையில் எதிரும் புதிருமாகப் போயின.

அலெக்ஸாண்டர் சோமர்வில் என்ற தொழிலாளி 1848-ல் தன் வாழ்க்கை வரலாற்றை வெளியிட்டார். 1811-ல் தென்கிழக்கு ஸ்காட்லாந்தில், ஓல்ட்ஹாம்ஸ்டாக்ஸ் பக்கம் பிறந்தவர். அவர் பிறந்த வீடு ஒற்றை அறை, ஏறக்குறைய 12 அடிக்கு 14 அடி. ஆள் குனியாமல் நுழைய முடியாத உயரம். அந்தப் புத்தகத்தில் வரும் ஒரு செய்தியைப் படித்தவர் மறக்க மாட்டார். அவர்கள் குடியேறிய வீடுகளில் ஜன்னல் கிடையாது. பெற்றோரிடம் சொந்தமாக ஒரு ஜன்னல் இருந்தது: ஒரே ஒரு சிறு கண்ணாடிச் சில்லு. வீடு மாறும்போதெல்லாம் அதைக் கழற்றி எடுத்துக்கொண்டு போய், அடுத்த வீட்டுச் சுவரில் பொருத்திக்கொள்வார்கள். வெளிச்சத்தையும் சாமானோடு சாமானாக வண்டியில் ஏற்றிய குடும்பம் அது. சோமர்வில் சொல்வது விக்டோரியாவுக்குச் சற்று முந்தைய காலம் என்றாலும், அந்த நிலைமை அவருடைய தலைமுறையோடு முடிந்துவிடவில்லை.

முடிந்துவிடவில்லை என்பதற்கு அரசாங்கக் கணக்கே சாட்சி. 1861-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் ஸ்காட்லாந்து அதிகாரிகள் முதன்முறையாக வீடுகளின் அறைகளை எண்ணினார்கள். எது அறை என்பதற்கு ஒரு இலக்கணம் வகுத்தார்கள்: ஜன்னல் உள்ளது அறை. கணக்கு முடிந்தபோது, நாட்டு வீடுகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் ஒற்றை அறை வீடுகள். இரண்டறை வீடுகளையும் சேர்த்தால் பத்துக்கு ஏழு. ஜன்னலே இல்லாதவை ஏறத்தாழ 8,000. இந்தக் கணக்கில் நகரத்து ஒற்றை அறைக் குடியிருப்புகளும் அடங்கும். அதிகாரிகள் ஜன்னலால் எண்ணினார்கள். குடியிருந்தவர்கள் திசையால் எண்ணினார்கள். கட்டில் தடுப்புக்கு அப்பால் ஜன்னல் இல்லாத 'பென்' ஒன்றை அந்தக் கணக்கு அறையாகவே ஏற்காது. அங்கே குழந்தை பிறந்திருந்தாலும் சரி, கிழவர் உயிர் விட்டிருந்தாலும் சரி.

'பென்' ஒரு குடும்பத்துக்கு என்னவாக இருந்தது என்பதை இந்த நெருக்கடியோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். வசதி கொஞ்சம் கூடிய வீட்டில் அது நல்ல அறை. நல்ல கட்டில், இழுப்பறைப் பெட்டி, கடிகாரம், குடும்ப வேதாகமம். அடுப்பு இருக்கும், அன்றாடம் மூட்டமாட்டார்கள். சாவு விழுந்தால் உடலை அங்கே கிடத்துவார்கள். வசதி இல்லாத வீட்டில் அதுவும் படுக்கைதான். தென்கிழக்கு மாவட்டங்களில் இன்னொரு கொடுமை சேர்ந்துகொண்டது. உழவன் தன்னோடு ஒரு பெண்ணாளையும் வயல் வேலைக்குக் கொண்டுவர வேண்டும் என்பது ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை. அவளுக்குப் 'பாண்டேஜர்' என்று பெயர். மனைவியோ மகளோ போக முடியாவிட்டால் வெளிப்பெண் ஒருத்தியைச் சம்பளத்துக்கு அமர்த்தி, சோறு போட்டு, தன் வீட்டிலேயே தங்க வைக்க வேண்டும். வயது வந்த பையன்களும் பெண்பிள்ளைகளும் பெற்றோரும் ஏற்கெனவே அடைந்து கிடக்கும் கூடத்தில் அந்த அந்நியப் பெண்ணுக்கும் ஒரு படுக்கை. 1860-களில் உழவர்கள் இதை எதிர்த்துக் கூட்டம் போட்டுப் பேசினார்கள். அதன் பிறகு நிபந்தனை மெல்லத் தளர்ந்தது. கிராமத்துப் பழைய வீட்டை அழகாக வர்ணிப்பவர்கள் இந்தப் பெண் எங்கே படுத்தாள் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும்.

கூலிவேலைக்குப் பண்ணையில் குடியிருந்த இவர்களைக் 'காட்டர்' என்பார்கள். 'காட்' என்ற பழைய சொல்லுக்குக் குடில் என்று பொருள். ராபர்ட் பர்ன்ஸ் 1786-ல் அச்சிட்ட முதல் தொகுதியில் காட்டர் ஒருவரின் சனிக்கிழமை இரவைப் பற்றிய கவிதை பெரும் புகழ் பெற்றது. பர்ன்ஸ் 1759-ல் பிறந்த ஆலோவே வீடும் பட் அன் பென்தான். அவருடைய தகப்பனார் 1757-ல் தம் கையாலேயே களிமண் சுவர் எழுப்பிக் கட்டியது. 'பட்' அறைக் கட்டிலில் கவிஞர் பிறந்தார்; அதே வரிசையில், அதே நீண்ட கூரையின் கீழ் மாட்டுத் தொழுவமும் களஞ்சியமும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அது சாராயக் கடையாகப் போய், 1881-ல் பர்ன்ஸ் நினைவிட அறங்காவலர்கள் வாங்கியபின் காட்சி வீடானது.

இந்தச் சொற்களுக்கு அகராதி மரியாதை கிடைத்த வரலாறும் சொல்லத்தக்கது. ஜான் ஜேமிசன் 1808-ல் ஸ்காட்ஸ் மொழிக்கு வேர்ச்சொல் அகராதி கொண்டுவந்தார். அதன் பிறகு வந்த பெரிய முயற்சி ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி. அதன் தலைமைப் பதிப்பாசிரியர் ஜேம்ஸ் மர்ரே எல்லைப்புறத்து டென்ஹோம் கிராமத்தில் 1837-ல், விக்டோரியா பட்டத்துக்கு வந்த அதே வருஷம், ஒரு தையற்காரர் மகனாகப் பிறந்தவர். பள்ளிப் படிப்பு பதினான்கு வயதோடு நின்றது. தென் ஸ்காட்லாந்துப் பேச்சுமொழியைப் பற்றி 1873-ல் அவர் எழுதிய நூல்தான் அவரை அறிஞர் உலகத்துக்கு அறிமுகம் செய்தது. ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் முதல் தொகுதி 1888-ல் முழுமை பெற்றது. அதில் அடங்கியவை ஆங்கில நெடுங்கணக்கின் முதல் இரண்டு எழுத்துகள் மட்டுமே. 'பட்'டும் 'பென்'னும் அந்த இரண்டாம் எழுத்தில் வரும் சொற்கள். பண்டிதர்கள் கொச்சை என்று ஒதுக்கிய அடுப்பங்கரைச் சொற்கள், அந்தப் பேச்சிலேயே வளர்ந்தவர் பொறுப்பில், பேரகராதியில் ஏறின. அந்தக் காலத்து ஸ்காட்லாந்துப் பள்ளிகளில் ஸ்காட்ஸ் பேசினால் திருத்துவார்கள், தண்டிப்பார்கள். மர்ரேயின் காரியத்துக்கு உள்ள கனம் இதிலிருந்து தெரியும்.

அதே 1888-ல் ஜே. எம். பாரி தன் சொந்த ஊர்க் கதைகளை வெளியிட்டுப் பெயர் வாங்கினார். கிரிமியூரில் 1860-ல் கைத்தறி நெசவாளி வீட்டில், பத்துப் பிள்ளைகளில் ஒருவராகப் பிறந்தவர். அடுத்த வருஷம் வந்த நூலில் ஜன்னலோரத்தில் உட்கார்ந்து தெருவைப் பார்க்கும் ஒரு தாய் வருகிறாள். வாசகர்கள் உருகினார்கள். உருக்கம் ஒரு வியாபாரமாகவே ஆனது. கேல் கீரைத் தோட்டத்தின் பெயரால் இந்த வகை எழுத்துக்குக் 'கெய்ல்யார்ட்' என்ற பட்டத்தை 1895-ல் விமர்சகர் ஜே. எச். மில்லர் நிலைநாட்டினார். அதில் கேலி இருந்தது, நியாயமும் இருந்தது. இந்தக் கதைகளின் காலத்தில்தான் 'பட் அன் பென்' என்ற பெயர் இனிக்கத் தொடங்கியது. நகரத்துக்கும் கனடாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போய்விட்டவர்களுக்கு அது ஊர் நினைவானது. அந்த வீடுகளிலேயே இருந்தவர்களுக்கு அப்படி இல்லை. 1912-ல் அமைக்கப்பட்ட அரச ஆணையம் ஸ்காட்லாந்துத் தொழிலாளர் வீடுகளை ஆராய்ந்து 1917-ல் கொடுத்த அறிக்கை ஈரம், நெரிசல், இடிபாடு என்றே பேசியது.

இருபதாம் நூற்றாண்டில் பெயர் இன்னொரு வளைவு எடுத்தது. 'சண்டே போஸ்ட்' பத்திரிகையில் 1936 முதல் வரும் 'தி ப்ரூன்ஸ்' சித்திரக்கதையில் நகரத்துத் தொழிலாளர் குடும்பம் ஒன்று விடுமுறைக்குப் போகும் கிராமத்து வீட்டுக்கு 'பட் அன் பென்' என்று பெயர். இன்றைக்கு வாடகைக்கு விடும் விடுமுறை வீடுகள் பலவற்றின் பலகையில் இந்தப் பெயரைக் காணலாம். ஒரு குடும்பம் ஒதுங்க இடமில்லாமல் கட்டிலைச் சுவராக்கிய இடத்தின் பெயர், வார இறுதியில் ஒதுங்கிப் போகும் இடத்தின் பெயராகிவிட்டது. பேச்சு வழக்கில் மட்டும் பழைய உயிர் மிச்சம் இருக்கிறது. வாசலில் நிற்பவரிடம் 'கம் பென்' என்று சொல்லும் மூதாட்டிகள் இன்னும் உண்டு. வீட்டில் ஒரே தளத்தில் பத்து அறை இருந்தாலும் சரி, அடுத்த அறைக்குப் போவதைப் 'பென்' போவது என்கிறார்கள்.

ஆகவே தமிழில் பர்ன்ஸையோ பாரியையோ பெயர்ப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். இந்தச் சொல் வரும் இடத்தில் 'குடிசை' என்று போட்டுவிட்டு நகர வேண்டாம். குடிசை என்றால் கூரை மட்டும் தெரியும். அடுப்புப் பக்கம் யார், உள்பக்கம் யார், யாரை உள்ளே அழைத்தார்கள், யாருக்கு உள்ளே இடமில்லை என்பதெல்லாம் அதில் விழாது. 'பட் அன் பென்' என்றே எழுதி, கீழே இரண்டு வரி விளக்கம் கொடுங்கள்.